வாசகர் கேள்வி – பதில்: பிடித்த மண்ணைப் படை எப்படி ஆள்கிறது?

சென்ற இதழில் போர்க்கால மலையகத்தைப் பற்றி எழுதியபோது, 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனதையும், நம் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், மக்கள் பங்கீட்டு அரிசியைக் கொண்டு காலம் தள்ள நேர்ந்ததையும் குறிப்பிட்டிருந்தோம். பர்மாவையும் மலாயாவையும் பிடித்த படை அங்கே எப்படி ஆட்சி நடத்தியது என்று கேட்டு அதன்பின் பல கடிதங்கள் வந்தன. தொடர்புடைய சில கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

உயர்தர வகுப்பு வரலாற்று ஆசிரியை, ஹற்றன்: போர் முடியாத நிலையில், எதிரியின் நிலத்தைக் கைப்பற்றிய படை அங்கு அன்றாட ஆட்சியை எவ்வாறு நடத்துகிறது? நீதிமன்றம், வரி, கச்சேரி (மாவட்ட நிருவாக அலுவலகம்) எல்லாம் யார் கையில் இருக்கும்? இராணுவச் சட்டமும் ஆக்கிரமிப்பு நிருவாகமும் ஒன்றா?

இரண்டும் வேறு. ஓர் அரசு தன் சொந்த நாட்டில் கலகமோ போரோ மூண்டபோது ஆட்சிப் பொறுப்பைப் படைத்தளபதியிடம் ஒப்படைத்தால் அது இராணுவச் சட்டத்தின் கீழான ஆட்சி. எதிரியின் நிலத்தைப் படைபலத்தால் கைக்கொண்டு, அங்கிருந்த அரசு செயற்பட முடியாத நிலையில் அதன் இடத்தில் அமர்ந்து நடத்துவது ஆக்கிரமிப்பு நிருவாகம். 1907ஆம் ஆண்டின் ஹேக் ஒழுங்குவிதிகளில் 42 முதல் 56 வரையான பிரிவுகள் இதற்கென்றே வகுக்கப்பட்டவை. ஆக்கிரமித்த படைக்கு அந்த மண்ணின் மீது இறைமை கிடைப்பதில்லை என்பது அவற்றின் அடிப்படை. பொது ஒழுங்கைக் காப்பது அதன் கடமை. தவிர்க்கவே முடியாத தடை இருந்தாலன்றி, ஏற்கெனவே நடைமுறையில் உள்ள சட்டங்களை மதிக்க வேண்டும் என்கிறது 43ஆம் பிரிவு. மக்களைத் தனக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வற்புறுத்தக் கூடாது. தனியார் சொத்தைப் பறிக்கக் கூடாது. ஒருவர் செய்ததற்கு ஊரையே தண்டிக்கக் கூடாது. அரசுக்குரிய காடு, கட்டடம், நிலம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றின் மூலதனத்தை அழிக்கக் கூடாது. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கொழுந்து பறிக்கலாம், தேயிலைச் செடியைப் பிடுங்கி விற்க முடியாது என்பதை நினைத்துக்கொண்டால், மாணவர்களுக்கு 55ஆம் பிரிவு எளிதில் விளங்கும்.

நடைமுறையைப் பார்ப்போம். ஒரு படைப்பிரிவில் பீரங்கி இயக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஒரு நகரத்தின் நீர்க்குழாய்கள் எங்கே பிரிகின்றன, எந்தக் கிராமம் எவ்வளவு நிலவரி செலுத்துகிறது என்று தெரிந்தவர் அவர்களுள் ஒருவரும் இருக்கமாட்டார். ஆகவே பிடித்த படை முதலில் தேடுவது பழைய எழுதுவினைஞரையும் அவருடைய பதிவேட்டையும்தான். 1940 ஜூன் 22இல் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின்படி, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் ஜேர்மன் படைத்தளபதிகளின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்து ஒத்துழைக்க வேண்டியிருந்தது. பாரிஸில் மஜெஸ்ரிக் ஹோட்டலில் இயங்கிய ஜேர்மன் இராணுவ நிருவாகம் ஓர் ஒப்பீட்டளவில் சிறிய அலுவலகமே; மாவட்ட ஆட்சியரும் பொலிசாரும் வரி அலுவலரும் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். ஆக்கிரமிப்புச் செலவு என்று நாளொன்றுக்கு 2 கோடி மார்க் பிரான்சிடமிருந்து கேட்கப்பட்டது. ஒரு மார்க்குக்கு 20 பிராங் என்ற விகிதத்தையும் ஜேர்மனியே விதித்ததால் அது நாளுக்கு 40 கோடி பிராங் ஆனது. ஆக்கிரமிப்புப் படையின் தேவைக்கு மட்டும் பணம் அறவிடலாம் என்ற ஹேக் விதியை, கணக்குப் புத்தகத்தின் வழியாகவே ஒரு நாட்டைச் சுரண்டும் கருவியாக மாற்றிவிட்டார்கள்.

நேசநாடுகளும் இந்த வேலையை முன்கூட்டியே படித்துக்கொண்டு வந்தவைதான். அமெரிக்க இராணுவம் 1942இல் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் இராணுவ ஆட்சிக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியது. 1943 ஜூலை 10இல் சிசிலியில் இறங்கியபோது, பாசிசக் கட்சியைக் கலைக்கும் அறிவித்தலும், ஒரு பவுணுக்கு 400 லீரா, ஒரு டொலருக்கு 100 லீரா என்ற விகிதத்தில் செல்லுபடியாகும் இராணுவ நாணயத்தாள்களும் படையோடு கரையேறின. கட்சித் தலைவர்களை நீக்கினாலும் கீழ்நிலை அலுவலர்களையும் கராபினியேரி பொலிசாரையும் வைத்துத்தான் அங்கும் ஆட்சி நடந்தது.

யப்பான் இன்னும் வெளிப்படையாக எழுதி வைத்தது. போர் தொடங்குவதற்கு முன்னரே, 1941 நவம்பர் 20இல், தெற்குப் பிரதேசங்களின் ஆக்கிரமிப்பு ஆட்சிக்கான கோட்பாடுகளைத் தோக்கியோ வகுத்தது. ஒழுங்கை மீட்பது, போருக்குத் தேவையான மூலப்பொருள்களை விரைந்து பெறுவது, படை தன் உணவை அந்த மண்ணிலிருந்தே பெற்றுக்கொள்வது ஆகிய மூன்றே நோக்கங்கள். இயன்றவரை பழைய ஆட்சியமைப்பையே பயன்படுத்த வேண்டும். இவற்றால் உள்ளூர் மக்களின் பிழைப்புக்கு நேரும் துன்பத்தை அவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பசியும் முன்னரே கணக்கில் எடுக்கப்பட்டிருந்தது என்பதை இந்தக் கடைசி வரி காட்டுகிறது. மலாயாவில் பிறகு நடந்தவற்றைப் போரின் குழப்பத்தால் நேர்ந்த விபத்து என்று நான் கருதாதது இதனால்தான்.

வாசகர், பதுளை: எங்கள் பாட்டனாரின் தம்பி மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். அவருடைய தகரப் பெட்டியில் வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டுகள் ஒரு கட்டு இருந்தது. இது என்ன பணம்? அன்று இதற்கு எதுவும் வாங்க முடிந்ததா?

அது யப்பானிய இராணுவ நிருவாகம் மலாயாவில் வெளியிட்ட நாணயத்தாள். வாழைமரத்தின் படம் காரணமாக அங்குள்ளவர்கள் 'வாழைமர நோட்டு' என்றே சொல்வார்கள். நோட்டில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது மலாயாவைக் குறிக்கும். பர்மாவுக்கு 'B', பிலிப்பைன்சுக்கு 'P' என ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அடையாளம் வைத்து அச்சிட்டார்கள். தொடக்கத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பின்னர் வந்தவற்றில் எழுத்து மட்டுமே உண்டு. எத்தனை நோட்டு வெளியே போயிற்று என்று கணக்கு வைக்கும் எண்ணமே இல்லாமல் போனதற்கு அது சான்று.

தொடக்கத்தில் அதற்குப் பழைய மலாயா வெள்ளியின் (டொலரின்) மதிப்பே இருந்தது. ஆனால் படை தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் இந்தத் தாளைக் கொடுத்தே வாங்கியது. கடைகளிலோ வாங்குவதற்குப் பொருள் குறைந்துகொண்டே வந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து தருவித்த நாடு. கப்பல்கள் குறைந்ததும் அரிசி குறைந்தது, மக்கள் மரவள்ளிக் கிழங்குக்கு மாறினார்கள், நோட்டின் மதிப்பு மாதத்துக்கு மாதம் சரிந்தது. 1945இல் திரும்பிவந்த பிரித்தானிய இராணுவ நிருவாகம் இந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. மூன்றரை ஆண்டு உழைப்புக்கும் விற்ற நகைக்கும் ஈடாக அவற்றைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குக் கையில் மிஞ்சியது வெறும் தாள். உங்கள் சின்னப் பாட்டனார் அந்தக் கட்டை எறியாமல் ஊருக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்ததை எண்ணிப் பார்க்கிறேன். தயவுசெய்து விற்றுவிடாதீர்கள், அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று தெரிந்தால் ஒரு துண்டில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர், தலவாக்கலை: சயாம் (தாய்லாந்து) – பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காட்டுக்குள் சிதறிக் கிடந்த தோட்டங்களில் இத்தனை ஆயிரம் பேரை ஒரு வெளிநாட்டுப் படை எப்படித் திரட்டியது? பட்டியல் எழுதிக் கொடுத்தவர்கள் நம்மவர்கள்தாம் என்கிறார்களே, அவர்களைக் குற்றம் சொல்லலாமா?

தோட்டத்தில் வேலை பார்த்த உங்களுக்கு முதற்கேள்வியின் விடை பாதி தெரிந்தேயிருக்கும். காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களம், செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு, லயத்துக்கு லயம் குடும்பக் கணக்கு, ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு கங்காணி. நகரத்தில் ஒருவரைத் தேடிப் பிடிப்பது கடினம். தோட்டத்தில் எல்லாருடைய பெயரும் விடிகாலையிலேயே கூப்பிடப்படும். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலும் இதே ஏற்பாடுதான். 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கிய யப்பானியப் படை 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது, வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டுப் போயிருந்தார்கள் அல்லது சிறையில் இருந்தார்கள். எஞ்சியவர்கள் கணக்கெழுதும் கிராணிமாரும் கங்காணிமாரும். புதிய ஆட்சி அவர்களையே பொறுப்பில் வைத்தது.

அடுத்து வேலையின்மை வந்தது. மலாயாவின் இறப்பரை வாங்கிக்கொண்டிருந்த மேற்கு நாடுகளின் சந்தை ஒரே நாளில் அடைபட்டது. அவ்வளவு இறப்பர் யப்பானுக்குத் தேவைப்படவும் இல்லை, ஏற்றிச்செல்லக் கப்பலும் இல்லை. பால் எடுக்கும் வேலை நின்ற தோட்டத்தில் கூலியும் இல்லை, அரிசியும் இல்லை. அந்நேரத்தில்தான் பர்மாவிலிருந்த படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட, தாய்லாந்தின் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை சுமார் 415 கிலோமீற்றர் பாதை போட யப்பானிய இராணுவம் முடிவு செய்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சோறும் உண்டு என்று சொல்லித் தொடக்கத்தில் ஆள் சேர்த்தார்கள். பசியில் இருந்தவர்கள் போனார்கள். மூன்று மாதம் கழிந்தும் ஒருவரும் திரும்பாததால் மற்றவர்கள் மறுத்தபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை விதிக்கப்பட்டது. அதற்கும் ஆள் போதாமற்போன இடங்களில் லொறியை நிறுத்திக் கண்ணில் பட்டவர்களை ஏற்றினார்கள்.

1943 ஒக்டோபரில் இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டவர்கள்; அவர்களுள் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள், அதாவது தமிழர், பர்மியர், மலாயர், யாவாக்காரர், சீனர் எல்லாருமாக, 1,80,000க்கும் மேல் இருந்திருப்பர் என்றும், 90,000 பேர் அளவில் மாண்டிருப்பர் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர்கள். 1943இன் மழைக்காலத்தில் பரவிய கொலரா முகாம் முகாமாகக் கொன்றது. போர்க்கைதிகளிடம் தங்கள் வைத்தியர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் மலக்குழியைத் தள்ளி வெட்டவும் கட்டளையிட ஆள் இருந்தது. நம் மக்களுக்கு அந்த அமைப்பும் இல்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயரும் படைப்பிரிவும் வயதும் செதுக்கியிருக்கின்றன. தோட்டத்திலிருந்து கொண்டுபோகும் வரை செக்ரோலில் தவறாமல் எழுதப்பட்ட பெயர்களை, செத்த இடத்தில் எழுத ஒருவரும் இருக்கவில்லை. இதை எழுதும்போது என் கை தயங்குகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதற்குற்றம் கட்டளையிட்ட இராணுவத்தினுடையது. அதில் எனக்கு ஐயமே இல்லை. எண்ணிக்கை குறைந்தால் அடியும் உதையும் எழுதியவருக்கே விழும் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும், இருபது பேர் வேண்டும் என்று மட்டும் மேலிருந்து சொன்னபோது, எந்த இருபது பேர் என்று தீர்மானித்த கை பட்டியல் எழுதிய கைதான். தன் உறவினரை விட்டுவிட்டு, கேட்க நாதியற்றவனின் பெயரைப் போட்டவரும், எல்லாரையும் காட்டுக்குள் ஓடச் சொல்லிவிட்டு அடி வாங்கியவரும் ஒரே அச்சத்தின் கீழ் இருந்தவர்கள்தாம். அவர்கள் எல்லாரையும் ஒரே சொல்லால் குற்றவாளி என்றோ கையறுநிலையில் இருந்தவர் என்றோ தீர்த்துவிட என்னால் முடியவில்லை.

வாசகர், மாத்தளை: 1815 முதல் பிரித்தானியர் கண்டியில் நடத்தியதும் இத்தகைய இராணுவ ஆக்கிரமிப்பு ஆட்சிதானே?

சட்டத்தின்படி அன்று. 1815 பெப்ரவரி 18இல் மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் சிறைப்பட்டான். மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கையின் மூலம் நாடு பிரித்தானிய முடிக்குரியது என்று அறிவிக்கப்பட்டது. பிரதானிகளும் அதில் ஒப்பமிட்டார்கள். ஆக்கிரமிப்பில் மண்ணின் உரிமை பழைய அரசிடமே இருக்கும். இங்கே அது உடனே மாற்றப்பட்டதால் அதை இணைப்பு என்றே சொல்ல வேண்டும். ஹேக் விதிகளும் அன்று பிறந்திருக்கவில்லை.

ஆனால் ஆண்ட முறையைப் பார்த்தால் உங்கள் சந்தேகம் பொருத்தமானதே. பழைய சட்டமும் பௌத்த சமயமும் பிரதானிகளின் உரிமைகளும் காக்கப்படும் என்று உடன்படிக்கை உறுதியளித்தது. சிங்களம் நன்கறிந்த ஜோன் டொயிலி வதிவிடப் பிரதிநிதியாக அமர்ந்தார். மாகாணங்களை ஆண்ட திசாவைமார் தம் பதவிகளில் தொடர்ந்தார்கள். முக்கிய இடங்களில் காவற்படை நின்றது. மேலே சிறு அலுவலகம், கீழே பழைய அதிகாரிகள் என்ற அதே கட்டமைப்பு. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்து, அதை அடக்க அனுப்பப்பட்ட கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொலவே கிளர்ச்சியாளருடன் சேர்ந்தபோது அந்தக் கட்டமைப்பு முறிந்தது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் வீடுகளும் பயிரும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26இல் சிரச்சேதம் செய்யப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன், நவம்பர் 21இல் வெளியான பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்து, பிரித்தானிய முகவர்களை மாகாணங்களுக்கு நியமித்து, நெல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பொது வரியாக்கியது. அதன்பின் இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பால் வெட்டப்பட்ட வீதிகளின் வழியாகத்தான் கோப்பி மலையேறியது; கோப்பிக்காக உங்கள் மாத்தளைப் பாதையில் நம் முன்னோர் நடந்து வந்தார்கள்.

மாணவர், கண்டி: பேராதனைப் பூங்காவில் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் இருந்ததாமே. அப்படியானால் போர்க்காலத்தில் இலங்கையும் இராணுவ ஆட்சியில் இருந்ததா?

1942 மார்ச்சில் அட்மிரல் லேட்டன் இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டு, ஆளுநர் உட்படக் குடியியல் அதிகாரிகளும் அவருடைய பணிப்புரைக்கு உட்படுத்தப்பட்டார்கள். ஏப்ரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. எனினும் அமைச்சர்களும் அரசாங்க சபையும் தொடர்ந்து இயங்கினார்கள். இது தன் ஆட்சிப்பகுதியில் ஓர் அரசு படைக்குக் கொடுத்த மேலதிகாரம், ஆக்கிரமிப்பு அன்று.

மவுண்ட்பேட்டனைத் தளபதியாகக் கொண்ட நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து பேராதனைக்கு வந்தது உண்மை. 1945 செப்டெம்பரில் மலாயாவில் அமர்ந்த பிரித்தானிய இராணுவ நிருவாகம் அந்தத் தலைமையகத்தின் அதிகாரத்தின் கீழ் உருவானதே. 1946 மார்ச் முடிவு வரை நீடித்த அந்த நிருவாகத்தில் ஊழலும் பதுக்கலும் மலிந்ததால், அதன் ஆங்கில முதலெழுத்துகளான 'BMA' என்பதற்குக் 'கறுப்புச் சந்தை நிருவாகம்' என்று மக்கள் விரிவு சொன்னார்கள். தான் இழந்த மண்ணையே மீட்டுக்கொண்ட படைக்கும் அரிசியைச் சீராகப் பங்கிட முடியவில்லை.

வாசகி, பண்டாரவளை: பிடித்த நாட்டு மக்களை வேலை வாங்கவும் நாடு கடத்தவும் இன்றைய சட்டம் இடம் கொடுக்கிறதா?

1949இன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையில் 49ஆம், 51ஆம் பிரிவுகளைப் பாருங்கள். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியிலிருந்து மக்களைப் பலவந்தமாக வெளியேற்றுவது தடைசெய்யப்பட்டுள்ளது. 18 வயதுக்கு மேற்பட்டோரை ஆக்கிரமிப்புப் படையின் தேவைக்கோ, பொதுச் சேவைகளுக்கோ, மக்களின் உணவு, உறையுள், உடை, போக்குவரத்து, சுகாதாரத்துக்கோ மட்டும் வேலை வாங்கலாம். போர் நடவடிக்கையில் ஈடுபடுத்தும் வேலையைக் கொடுக்கக் கூடாது. நியாயமான கூலி கொடுக்க வேண்டும். அந்த வேலையும் அவர்கள் வாழும் ஆக்கிரமிக்கப்பட்ட நிலப்பரப்புக்குள்ளேயே நடக்க வேண்டும், இயன்றவரை ஒவ்வொருவரையும் அவர் வழக்கமாக வேலை செய்யும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று 51ஆம் பிரிவு கூறுகிறது. சிலாங்கூரிலோ பேராக்கிலோ பால் வெட்டிக்கொண்டிருந்தவரைச் சயாமின் காட்டுக்கு ஏற்றிச் சென்றது இந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் மாறானது. உடன்படிக்கை கையெழுத்தானபோது அந்தப் பாதையில் தண்டவாளங்கள் இணைந்து ஆறு ஆண்டுகள் ஆகவில்லை.